போர்டு அடிக்கும் வரை

அந்தப் பார்வை இரண்டேகால் விநாடி. ஐம்பத்து நான்கு ஃப்ரேம். அதைப் படத்தில் சேர்த்தவன் நான். படத்தொகுப்பு என் தொழில். பார்வை என் அக்காவுடையது.

நாடகத்திலிருந்து தொடங்குகிறேன்.

முன்னூறு வருடங்களுக்கு முன் ஒரு சிறு நகரம். தொட்டிலில் ஒரு குழந்தை இறந்துபோகிறது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியைச் சூனியக்காரி என்று பிடித்து வந்து விசாரிக்கிறார்கள். ஒன்பது சாட்சிகள். எட்டுப் பேர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார்கள். ஒன்பதாவதாகப் பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள். மருத்துவச்சியின் சிநேகிதி. "அவள் தொட்டிலைப் பார்த்தாள்" என்கிறாள். வேறொன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக மருத்துவச்சியைத் தூக்கில் போடுகிறார்கள்.

ஒன்பதாவது சாட்சி அரங்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேச வேண்டும் என்று நாடகத்தை எழுதியவர் பிரதியில் குறித்திருந்தார். முகம் தெரியக் கூடாது. அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று நாடகத்தில் எங்கும் கிடையாது. எழுதியவர் இறந்துவிட்டார். கேட்கவும் வழியில்லை.

அக்கா பத்தொன்பது வருடம் அந்த மருத்துவச்சியாக நடித்தாள். எண்ணூறு காட்சிகளுக்கு மேல். குழுவில் அவளுக்குப் பெயரே அதுதான். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர்கூட அவளைக் கண்டால் விடமாட்டார்.

"என்ன மருத்துவச்சி, நேத்தும் தூக்குல போட்டுட்டாங்களா?"

"போட்டாங்க. கயிறுதான் நைஞ்சு போச்சு. மாத்தச் சொல்லணும்."

மேடையில் அக்கா ஒன்று செய்வாள். பிரதியில் இல்லாதது. ஒன்பதாவது சாட்சி சொல்லி முடித்ததும் அவளை நேராகப் பார்த்து மெல்லத் தலையசைப்பாள். சரி போ என்பதுபோல. சாட்சிக்காரியின் முகம் அரங்கில் யாருக்கும் தெரியாது. எதிரில் நிற்கும் அக்காவுக்கு மட்டும் தெரியும். எதற்கு அந்தத் தலையசைப்பு என்று ஒருமுறை கேட்டேன்.

"பாவம்டா அவ. பயந்துட்டா. சொல்லலன்னா அடுத்து அவளைத்தான் பிடிப்பாங்க. யாரு வந்து அந்த வேஷம் போட்டாலும் அந்த இடத்துல அவங்களுக்குக் கால் நடுங்குது. நான்தானே எதிர்ல நின்னு பாக்கறேன்."

நாடகத்தைப் படமாக்கும் உரிமையைத் தாடி வாங்கினார். இயக்குநர். தாடியை எடுத்துப் பத்து வருடமாகிறது, பெயரை மழிக்க முடியவில்லை. அதற்கு முன் நான்கு படங்கள் சேர்ந்து செய்திருக்கிறோம். என்னைக் கத்திரி என்பார்.

அக்கா வீடு மாடியில், என் வீடு கீழே. தாடி ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் என் கதவைத்தான் தட்டினார். தனியாக மேலே போகத் துணிச்சலில்லை.

அக்கா பையை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா பழமெல்லாம்? எனக்கு உடம்பு சரியில்லைன்னு யாராவது சொன்னாங்களா?"

"சும்மா இருக்கட்டும்னுதான்க்கா."

"சும்மா ரெண்டு கிலோவா?"

தாடி தேநீரைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சரி, நானே சொல்லிடறேன்" என்றாள் அக்கா. "எனக்கு அம்பத்திரண்டு. கேமரா பக்கத்துல வந்தா அம்பத்தஞ்சு. மருத்துவச்சிக்கு முப்பதுதான் இருக்கணும். ஆள் பாத்தாச்சு. அவ்வளவுதானே?"

"ஆமாங்க்கா."

"இதுக்கு எதுக்குத் திராட்சை? ஆப்பிளே போதுமே."

சிரித்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஒன்பதாவது சாட்சியாக நடிப்பீர்களா என்று தாடி கேட்டார். அக்கா ஜன்னலோரம் காய்ந்து கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு துண்டு மடித்த பிறகு சரி என்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும்க்கா. அந்தச் சால்வை."

மேடையில் மருத்துவச்சி போர்த்தியிருக்கும் பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை. பத்தொன்பது வருடமாக அக்காதான் துவைத்தாள். கிழிந்த இடங்களில் அவள்தான் நூல் ஓட்டினாள். படத்துக்கென்று புதிதாக நெய்தால் புதிதாகத்தான் தெரியும் என்றார் தாடி. அது உண்மை.

அக்கா உள்ளே போய் எடுத்து வந்தாள். மடித்திருந்ததைப் பிரித்து, உதறி, மறுபடி மடித்துக் கொடுத்தாள்.

"ஈரத்தோட மடிச்சு வெச்சிடாதீங்க. பூஞ்சை பிடிச்சிடும்."

படப்பிடிப்புக்கு நான் போவதில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தார்கள் என்று தெரிந்தால் வெட்டக் கை வராது. நாளுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வரும். அதில் இருப்பதுதான் எனக்குப் படம்.

நீதிமன்றக் காட்சியைப் பத்து நாள் எடுத்திருந்தார்கள். எட்டாவது சாட்சி வரைக்கும் தானாக ஓடியது. ஒன்பதில் நின்றுவிட்டது.

தாடி முதலில் நாடகத்தில் இருந்ததுபோல் முதுகைக் காட்டித்தான் எடுத்தார். மேடையில் அந்த முதுகு கதவு மாதிரி இருக்கும். திரையில் அது கேமராவைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டது மாதிரி இருந்தது. அதனால் முகத்தை எடுத்தார். முகம் வந்தால் காரணம் வேண்டும்.

அக்கா பயத்தை நடித்திருந்தாள். ஆறு டேக். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி. ஆறிலும் ஒரே அளவு, தப்பே சொல்ல முடியாது. ஆனால் கடைசி வரிசை வரை போய்ச் சேரும் பயம் அது. கேமரா நான்கடியில் இருந்தது.

தாடி என் அறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெறும் பயம்னா பத்தல கத்திரி. சிநேகிதியையே தூக்குக்கு அனுப்பறா. உள்ள வேற என்னமோ இருக்கணும். பொறாமைன்னு பண்ணிப் பாருங்களேன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"'அவ அப்படிப்பட்டவ இல்லப்பா'ங்கறாங்க. என்னமோ இவங்க அவ பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருந்த மாதிரி."

மூன்று வாரம் அந்தக் காட்சியோடு கிடந்தேன். ஒரு காட்சி நிற்காவிட்டால் நான் டேக்குகளின் வாலைப் பார்ப்பேன். இயக்குநர் ஓகே சொல்வதற்கும் கேமரா நிற்பதற்கும் நடுவில் இருக்கும் துண்டு. அரை விநாடி இருக்கும், ஒரு விநாடி இருக்கும். நடிகர்கள் மூச்சு விடுவார்கள். சில சமயம் அந்த மூச்சு உதவும்.

நான்காவது டேக்கின் வால் முப்பது விநாடி இருந்தது.

ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் எண் எழுதிய போர்டைக் கேமராவுக்கு முன் பிடித்துத் தட்டுவார்கள். படத்தையும் ஒலியையும் பொருத்த எனக்கு அந்தத் தட்டுதான் பிடி. நான்காவது டேக்கின்போது நீதிமன்ற ஜன்னல் வழியாக வந்த வெயில் போய்க்கொண்டிருந்தது. போர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரமாக ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஆரம்பித்தால் கடைசியில் போர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்ட வேண்டும். அதுவரை கேமரா ஓடும். அதுவரை யாரும் நடிப்பதில்லை.

தாடியின் குரல், ஓகே என்றது. யாரோ கத்தினார்கள்: "போர்டு அடிக்கல, நிறுத்தாதீங்க!" திரையில் அக்கா மட்டும். இழுத்த உதட்டை விட்டாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். ஃப்ரேமுக்கு வெளியே, எதிரில், மருத்துவச்சியாக நடிக்கும் கதாநாயகி கைதிக் கூண்டில் நிற்கிறாள். உடைகளைக் கவனிக்கும் அம்மா அவளிடம் போய்ச் சால்வையைச் சரிசெய்கிறாள் போலிருக்கிறது. குரல் மட்டும் கேட்டது.

"உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு மேடம்."

கதாநாயகி சிரித்தாள். கள்ளமில்லாத சிரிப்பு.

அக்கா பார்த்தாள்.

இமைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு தசை ஒருமுறை இழுத்து நின்றது. அக்காவின் எல்லா முகங்களும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது தெரியாத முகம். ஆனால் என்ன என்று உடனே தெரிந்துவிட்டது.

ஒலியை அணைத்தேன். அந்த ஐம்பத்து நான்கு ஃப்ரேமை எடுத்து ஒன்பதாவது சாட்சியின் வாக்கியத்துக்கு முன்னால் வைத்தேன். கூண்டில் நிற்பவளின் தோள், தோளில் சால்வை. பிறகு இந்தப் பார்வை. பிறகு, "அவள் தொட்டிலைப் பார்த்தாள்."

காட்சி எழுந்து நின்றது.

நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன். இருபத்து மூன்று வருடத் தொழிலில் அப்படி நடந்தது இரண்டாவது தடவை.

மறுநாள் தாடி பார்த்தார். பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தார். பிடித்த பிடி வலித்தது.

"எங்கடா இருந்துச்சு இது?"

"நாலாவது டேக்ல."

"நாலுலயா? நான் அங்கதானே உக்காந்திருந்தேன். எப்படி விட்டேன்?"

"மானிட்டர்ல அவ்வளவு தெரிஞ்சிருக்காது."

"மாட்டேன் மாட்டேன்னு சொல்லிட்டு எப்படிக் குடுத்திருக்காங்க பாரு. உங்க அக்கா அக்காதான்டா."

நான்காவது டேக் என்று சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீதிமன்ற அரங்குக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடியதால் வசனத்தைத் திரும்பப் பேசிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அக்கா டப்பிங் அறைக்கு வந்தாள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

டப்பிங்கில் வசனத்துக்கு மூன்று விநாடி முன்னாலிருந்து ஓட்டுவார்கள். பேசுகிறவருக்குப் பிடி கிடைக்க வேண்டும். அந்த மூன்று விநாடியில் பார்வை இருந்தது.

முதல் தடவை அக்கா பேசவே இல்லை. ஓடி முடிந்து திரை கறுத்தது.

"ஸாரி சார். இன்னொரு தடவை போடுங்க."

இரண்டாவது தடவை பாதியில் விட்டாள். மூன்றாவது தடவை பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், "கொஞ்சம் லேட் ஆகுது மேடம்" என்றார். எண்ணூறு காட்சிகளில் ஒரு வரியைத் தவறவிடாதவள். சுவர் அளவுக்கு அவளுடைய முகம் வந்து பார்த்துவிட்டுப் போகும். அவள் சொல்வாள், "அவள் தொட்டிலைப் பார்த்தாள்." மறுபடி முகம் வரும். பன்னிரண்டாவது தடவை சரியாக இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டினாள்.

"சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். நான் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

அவர் போனார்.

"இது எப்ப எடுத்தது?"

"நாலாவது டேக்குக்கா."

"ஓகே சொன்னதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

நான் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காஸ்ட்யூம்காரம்மா என்னமோ சொன்னாங்களே. அப்பதானே?"

"ஆமா."

"அவங்க சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டுத்தான் வெச்சியா?"

சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. பேசியது எங்கும் மோதாமல் அப்படியே விழும் அறை.

"அதுக்கப்புறம் நான் எந்திரிச்சுப் போனேனே" என்றாள். "அது எங்கடா?"

அதையும் நான் பார்த்திருந்தேன். பார்வைக்குப் பிறகு அக்கா கண்ணை மூடினாள். திறந்தபோது பழைய முகம் வந்திருந்தது. தன்னையே திட்டிக்கொள்வதுபோல் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள். எழுந்து ஃப்ரேமை விட்டுப் போனாள். அதன்பின் திரையில் பெஞ்சும் அதன்மேல் விழுந்த வெயிலும் மட்டும். குரல் கேட்டது: "முடிச்சு இடது பக்கம் வரணும்மா. கனம் வலது தோள்ல நின்னாத்தான் நேரா நிக்க வரும். இரு, நானே போட்டுவிடறேன்." கதாநாயகி, "தேங்க்ஸ்க்கா" என்றாள். பிறகு போர்டு வந்தது, தலைகீழாக. தட்டினார்கள்.

"அது ஃப்ரேம்ல இல்லக்கா. நீ வெளிய போயிட்ட. வெறும் பெஞ்சுதான் இருக்கு."

"குரல் இருக்குமே."

"குரல் இருக்கு."

மாட்டியிருந்த ஹெட்ஃபோனின் வயரைச் சுற்றிவிட்டாள்.

"எடுத்துடுடா அதை."

"தாடிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுக்கா. சீனே இப்ப அதுலதான் நிக்குது."

"அவ அப்படிப்பட்டவ இல்லடா."

"யாரு?"

"அவளும்தான். நானும்தான்."

"நல்லா இருக்குக்கா. நிஜமாவே நல்லா வந்திருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் கேக்கறேன். மோசமா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

"சரி, பாக்கறேன்."

"பாக்கறேன்னு சொல்லாத. எடுக்கறேன்னு சொல்லு."

ஒலிப்பதிவாளர் எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்திருந்தார். நான் என் தம்ளரை வாங்கிக்கொண்டேன். அக்கா தேநீரைக் குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

படத்தை இறுதி செய்ய இரண்டு நாள் இருந்தது. பார்வை இல்லாமல் ஒரு வடிவம் செய்தேன். ஆறு டேக்கிலிருந்தும் பயத்தைப் பொறுக்கினேன். கையை மட்டும் காட்டினேன். முதுகைக்கூடத் திரும்பக் கொண்டுவந்தேன். சுமாராக இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

தாடியிடம் சொல்லியிருக்கலாம். அது நடிப்பில்லை, ஓகேக்குப் பிறகு எடுத்தது, அவள் வேண்டாம் என்கிறாள் என்று மூன்று வாக்கியம். தாடி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். பிறகு, சரி எடுத்துடு என்பார். அவர் அப்படிப்பட்டவர். அதனால்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நான்கு மணிக்குப் படத்தை இறுதி செய்து கொடுத்தேன். ஐம்பத்து நான்கு ஃப்ரேமும் உள்ளே இருந்தது.

அக்கா திரும்பக் கேட்கவில்லை. சண்டை போடவில்லை. மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் வழக்கம்போல் கேட்டது. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று வழக்கம்போல் பேசிக்கொண்டோம்.

படம் வெளிவந்தது. ஓரளவு ஓடியது. எல்லாரும் அந்தப் பார்வையைப் பேசினார்கள். ஒரு பத்திரிகை அந்தப் பார்வையை மட்டும் பெரிதாகப் போட்டு, கயிற்றுக்கு முன்பே கொன்ற கண்கள் என்று எழுதியது. மருந்துக்கடைக்காரர் கயிற்றைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

"பாத்தேம்மா படத்தை. அடேயப்பா, என்ன பார்வை! இனிமே உங்களைக் கண்டா என் வீட்டுக்காரி பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடிடுவா."

"ஓடட்டும் ஓடட்டும். எனக்குத் தலைவலி மாத்திரையை எடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று சில்லறை தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

சால்வையைத் திருப்பித் தர கதாநாயகி அக்கா வீட்டுக்கே வந்தாள். சலவைக்குக் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். நல்ல பெண். அக்கா கட்டிலில் இருந்த துணிகளைத் தள்ளி இடம் கொடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. அந்த ஷாட்டைப் பாத்தப்ப எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஷூட்டிங்ல நீங்க எனக்கு எவ்வளவு செஞ்சீங்க. முடிச்சுகூட நீங்கதான் போட்டுவிட்டீங்க. அதே மனுஷியா இப்படிப் பாக்கறாங்கன்னு. எப்படிக்கா அப்படிப் பாக்க முடிஞ்சுது?"

"நடிப்புதாம்மா."

"என்னைப் பாத்துத்தானே பண்ணினீங்க?"

"உன்னைப் பாக்கலம்மா. எதிர்ல கேமராக்காரங்க ஒரு கம்பத்துல டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க. அதைப் பாத்தேன்."

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். கம்பமும் கிடையாது, டேப்பும் கிடையாது. தொழிலைப் பற்றி அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கு. எனக்கும் அப்படித்தான் வந்தது.

துணை நடிகைக்கான விருது அக்காவுக்குக் கிடைத்தது. போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். மேடையில் விருதை வாங்கி, மைக்கை உயரத்துக்குச் சரிசெய்தாள். அரங்கம் காத்திருந்தது.

"ஓகே சொன்னதுக்கு அப்புறமும் கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

அரங்கம் சிரித்தது. பலமாகக் கைதட்டினார்கள். தன்னடக்கம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். என் பக்கத்தில் தாடியும் கைதட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார்.

"என்னடா சொல்றாங்க?"

"ஜோக் அடிக்கறாங்க" என்றேன்.

மறுநாள் காலை தயாரிப்பு அலுவலகத்துக்குப் போனேன். நான்காவது டேக்கின் முழு நீளம் வேண்டும். முப்பது விநாடியையும் எடுத்து, ஒலியோடு, அக்கா கையில் கொடுக்க வேண்டும். மூடிய கண், சுழித்த உதடு, காலி பெஞ்சு, அவள் குரல். கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இருந்தால் போதும் என்றிருந்தது.

டிஸ்குகளுக்குப் பொறுப்பானவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"நீதிமன்ற சீனா? அதை அழிச்சு வேற வேலைக்குக் குடுத்தாச்சே சார். இப்ப அதுல ஒரு சோப்பு விளம்பரம் கிடக்கு."

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான் சார். ஆறு மாசத்துல அழிச்சிடுவோம், எது எது வேணும்னு லிஸ்ட் குடுங்கன்னு லெட்டர் போட்டோமே. ரெண்டு தடவை. நீங்க பதிலே போடல."

கடிதம் வந்தது உண்மை. மேசையில் கிடந்தது. அந்தக் காட்சியை நான் திரும்பத் திறக்க விரும்பவில்லை.

ஆக, முப்பது விநாடியில் நான் வெட்டி எடுத்தது மட்டும் மிஞ்சியது.

படம் ஓடிய பிறகு நாடகத்தைத் திரும்பப் போடச் சொல்லி ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். குழு மறுபடி அதை மேடையேற்றியது. மருத்துவச்சி மறுபடி அக்காதான். மேடையில் வயது அவ்வளவு தெரியாது. ஒன்பதாவது சாட்சிக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன். மூன்றாவது வரிசை.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்தப் பார்வையை எதிர்பார்க்கிறார்கள் என்று குழுவில் முடிவு செய்து இடத்தை மாற்றியிருந்தார்கள். இப்போது சாட்சிக்காரி அரங்கத்தைப் பார்த்து நின்றாள். கைதிக் கூண்டை முன்னால் கொண்டுவந்திருந்தார்கள். முதுகு இப்போது அக்காவுடையது.

சாட்சிக்காரி கூண்டைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தசை இழுத்தது. எனக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் தெரியும். அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. வந்தது வந்துவிட்டது என்ற திருப்தி.

"அவள் தொட்டிலைப் பார்த்தாள்."

நான் அக்காவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை அசைந்தால் சால்வையின் மேல் மடிப்பு அசைய வேண்டும். அந்த மடிப்பையே பார்த்தேன். நீதிபதி பேச ஆரம்பித்தார். காவலர்கள் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். மடிப்பு அசையவில்லை.

காட்சி முடிந்து ஒப்பனை அறைக்குப் போனேன். அக்கா கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து பஞ்சால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சால்வையை இன்னும் கழற்றவில்லை. சாட்சிக்காரி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, பார்வை சரியா வந்துச்சா? படத்தை எட்டுத் தடவை பாத்தேன்க்கா இதுக்காக."

"வந்துச்சும்மா."

"நீங்க பண்ணின மாதிரியே?"

"அதே மாதிரிதான்." அக்கா பஞ்சை மாற்றினாள். "அப்புறம் என்ன பண்ணுவா அவ?"

"யாருக்கா?"

"பாத்தாளே அவ. பாத்ததுக்கு அப்புறம்."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அப்புறம் ஒண்ணுமில்லையேக்கா. அதோட கட் ஆயிடுதே."

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை.

"நீ போய் டீ குடிம்மா" என்று அவளை அனுப்பினாள். எழுந்து சால்வையைக் கழற்றப் பார்த்தாள். முடிச்சு வியர்வையில் நனைந்து இறுகியிருந்தது. இரண்டு தடவை இழுத்துவிட்டு விட்டுவிட்டாள்.

"இதை அவுத்துவிடு" என்றாள்.

மேசையில் கத்திரிக்கோல் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. குனிந்து நகத்தால் நெம்பினேன். வெகுநேரம் ஆயிற்று. அக்கா சுவரைப் பார்த்தபடி, எனக்கு வசதியாகத் தோளைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றாள். முடிச்சு இடது பக்கம் இருந்தது.